முடிச்சுக்காரியை எங்கிருந்து எடுத்தேன்

1. பனி

"ஏம்மா தேவி, நீ பனியப் பாத்திருக்கியா?"

என் முதல் நாவலின் அச்சுப்படியை மேசைமேல் வைத்துவிட்டு தனபால் சார் கேட்ட முதல் கேள்வி அது.

"ஃப்ரிட்ஜுல பாத்திருக்கேன் சார்."

"அதான். படிக்கிறப்ப ஃப்ரிட்ஜு கதவத் தொறந்து வச்ச மாதிரியே இருக்கு. ஜில்லுன்னு இருக்கு, உள்ள ஒன்னும் இல்ல."

ஈப்போ பழைய நகரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது எங்கள் பதிப்பகம். சிறுவர் நூல்கள்தான் அதிகம். தனபால் சார் அதன் ஆசிரியர். நான் அங்கே அரை நாள் வேலையில் புரூஃப் பார்க்கிறவள். பிறர் எழுதியதில் ஒற்றுப்பிழை திருத்தித் திருத்தி, நானும் ஒன்று எழுதிப் பார்க்கலாமே என்ற ஆசை வந்தது. கர்ப்பமாக இருந்தபோது ஆரம்பித்து, மகள் யாழினி தவழ்கிற வரைக்கும் எழுதினேன். இருநூறு பக்கம். பனிமலை, ஏழு கோபுரக் கோட்டை, நெருப்பு கக்கும் பறவை எல்லாம் இருந்தன. எதையுமே நான் கண்ணால் பார்த்ததில்லை.

"மூணு மாசம் டைம் தரேன்மா. பள்ளி லீவு புத்தகச் சந்தைக்குக் கொண்டு வரணும். மாயாஜாலம் இருக்கட்டும். ஆனா நீ பாத்த எடத்துல நடக்கட்டும்."

"நான் பாத்த எடத்துல மாயாஜாலம் ஒன்னும் இல்லையே சார்."

"தேடிப் பாருலா."

அச்சுப்படியைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். அழுகை வரவில்லை. பிள்ளை பிறந்த பிறகு எனக்கு அழுவதற்குக்கூட நேரம் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு மணிக்கு யாழினியை அழைத்துவரப் போக வேண்டும். மணி அப்போது பன்னிரண்டே முக்கால்.

இப்போது ஓர் எழுத்துப் பட்டறையில் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்து மாணவர்களுக்காக, "கற்பனை உலகம் எங்கிருந்து கிடைக்கிறது?" என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு புத்தகம் எழுதியவள் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2. எட்டாங்கட்டை

அம்மா பிறந்து வளர்ந்தது கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அதற்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்ததாம். சாலையில் எட்டாவது மைல்கல்லுக்குப் பக்கத்தில் இருந்ததால் நம்மவர்களுக்கு அது எட்டாங்கட்டை. எனக்கு நான்கு வயதாகும்போது தோட்டத்தை மூடிவிட்டார்கள். எனக்கென்று ஒரு ஞாபகமும் இல்லை. அம்மா சொன்னவைதான் என்னிடம் இருந்தன.

ஒரு சனிக்கிழமை காலை யாழினியைக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். பெரும்பகுதி இப்போது எண்ணெய்க்கான செம்பனை. ஒரு பக்கம் புதிய வீடமைப்பு. ஆற்றோரத்தில் மட்டும் யாரோ வெட்டாமல் விட்ட ஒரு வரிசை ரப்பர் மரங்கள் நின்றன. பட்டையில் பழைய கத்திக் கோடுகள் தடித்துப்போய், ஆறிய காயம் மாதிரி இருந்தன. கொசுவுக்குப் பயந்து நான் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வந்திருக்கவே கூடாதோ என்றும் நினைத்தேன்.

ஆனால் அந்தப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சித்தியவானில் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். கதை கேட்கவில்லை. சொல் கேட்டேன்.

"ஒரு ஆளுக்குப் பால் வெட்ட விட்ட மர வரிசைக்கு என்னம்மா பேரு?"

"நெரை. எங்கப்பாவுக்கு ஆத்தோரத்து நெரை. எதுக்குடி இப்ப?"

"வேலைக்குத்தாம்மா."

ஒரு வாரத்தில் நாற்பது சொற்கள் சேர்ந்தன. இதை மாணவர்களுக்குத் தைரியமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்: இடத்தைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் பெருமூச்சு விடுவார்கள். சொல்லைக் கேட்டால் நடந்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அப்படித்தான் நிரைநாடு உருவானது. அங்கே குடும்பத்துக்கு ஒரு நிரை. மரத்தைக் கீறினால் பாலுக்குப் பதில் வெட்டுகிறவரின் ஞாபகம் வெள்ளையாக வடியும். அதை மலைக்கு அப்பால் இருப்பவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். எழுதும்போது யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

ஒரு வில்லி வேண்டியிருந்தது. அவளும் சிரமமில்லாமல் வந்தாள். சிறுவயதில் நான் சாப்பிட அடம்பிடித்தால் அம்மா சொல்வார்: "சாப்பிடலைன்னா முடிச்சுக்காரி வந்து தூளியோட கட்டிப்புடுவா." எனக்குத் தெரிந்த ஒரே பேய் அவள்தான். அம்மா எனக்காகவே கட்டிவிட்ட பேய் என்று நினைத்திருந்தேன். அதனால் நாற்பது சொற்களைப் பற்றிக் கேட்ட நான், இந்த ஒரு சொல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

என் நாவலில் முடிச்சுக்காரி, வேலைக்குப் போகும் தாய்மார்கள் விட்டுச்செல்லும் குழந்தைகளின் தூளிகளுக்கு முடிச்சுப் போடுவாள். ஒரு முடிச்சுக்குக் குழந்தை அழாது. இரண்டுக்கு அசையாது. மூன்றாவது முடிச்சுப் போட்டால் தாய்க்குத் தன் பிள்ளையே மறந்துபோகும்.

தனபால் சார் படித்துவிட்டுப் போனில் கத்தினார். "அலாமாக்! யாரும்மா இவ? எனக்கே கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. இவதான் கவர்!"

3. "என்னதான் எழுதுற?"

யாழினியைப் பார்த்துக்கொள்பவர் ஈப்போவுக்கு வெளியே லகாட்டில் இருக்கும் மல்லிகா அக்கா. அவருக்கு ஐம்பதுக்குமேல் இருக்கும். ஆன்ட்டி என்றால் பிடிக்காது, எல்லாத் தாய்மார்களுக்கும் அக்காதான். தம்பி வீட்டின் முன்பகுதியில் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். திருமணமாகவில்லை.

முதல் நாள் நான் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். எத்தனை மணிக்குப் பால், எந்தப் போர்வை, எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும் என்றெல்லாம். அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "சரிம்மா. அது அழுதா எந்தப் பக்கத்தப் பாக்கட்டும்?" என்று கேட்டார். மற்ற தாய்மார்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு, "உங்கம்மா எந்த ஊரு?" என்று கேட்டார்.

"இப்ப சித்தியவான்ல இருக்காங்கக்கா. முன்ன எட்டாங்கட்டை."

"ஓ," என்றார். கையிலிருந்த துணியை மடித்து முடித்தார்.

அப்புறம் எட்டு மாதம் எங்களுக்குள் பேச்சு பால், மலம், சளி என்ற அளவில்தான் இருந்தது. காலையில் பிள்ளையை விட்டுவிட்டு, அழுகிறாளா என்று காருக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்பேன். அழுவாள். பிறகு நின்றுவிடும். நின்றதும் அதற்கும் ஒரு பயம் வரும்.

ஒரு நாள் அக்காவே கேட்டார். "காலையில விட்டுட்டுப் போய் என்னதான் எழுதுற?"

"பிள்ளைங்களுக்கு ஒரு மாயக் கதைக்கா."

"எனக்கும் படிக்கத் தெரியும்லா. குடு பாக்கலாம்."

முதல் ஆறு அத்தியாயங்களைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

4. தலைமாட்டு முடிச்சு

நான்காம் நாள் ஒரு மணிக்கு நான் போனபோது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தாள்களை நாற்காலிமேல் அடுக்கி வைத்திருந்தார்.

"படிச்சேன்மா. நல்லாத்தான் இருக்கு. முடிச்சு மட்டும் தப்பு."

"எந்த முடிச்சுக்கா?"

"தூளிக்குத் தலமாட்டுல முடிச்சு போடுறான்னு எழுதியிருக்க. அங்க போட்டா துணி ஏறிக்கும், புள்ள ஒரு பக்கமா சரிஞ்சிரும். கீழ தொங்குற ஓரத்துலதான் போடணும். நான் அப்படித்தான் போடுவேன்."

"நீங்களும் முடிச்சு போடுவீங்களாக்கா?" என்று சிரித்தேன்.

"எட்டாங்கட்டையில நான்தான்லா முடிச்சுக்காரி."

நான் சிரிப்பை எங்கே நிறுத்தினேன் என்று நினைவில்லை. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார். குரலை உயர்த்தவில்லை. உள்ளே பிள்ளைகள் தூங்கினார்களே.

"வேலைக்குப் போற பொம்பளைங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போறதுக்கு ஆயாக்கொட்டகைன்னு ஒன்னு இருந்திச்சு. பெரிய ஆயாவுக்குக் கண்ணு சரியில்லாம, ஒத்தாசைக்கு என்னைப் போட்டாங்க. எனக்குப் பதினெட்டு வயசு. இருபத்தி ரெண்டு தூளி. எல்லாம் பழைய சேல. யாரு பால் குடிச்சிச்சு, யாரு குடிக்கலன்னு எப்படி ஞாபகம் வச்சிக்கிறது? எழுதி வச்சாலும் பாதி அம்மாங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதான் முடிச்சு. ஒன்னுன்னா பால் குடிச்சாச்சு. ரெண்டுன்னா வயிறு சரியில்ல. மூணுன்னா காய்ச்சல், ஆள் அனுப்பியாச்சு, உடனே தூக்கிட்டுப் போன்னு அர்த்தம். அம்மாங்களுக்கு எல்லாம் தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா..."

"ஒரு நாள் காலையில ஏழு மணிக்கே ஒரு புள்ளைக்கு மூணு முடிச்சு போட்டேன். ஆளும் அனுப்பினேன். வேல வாங்குற மண்டோரு, 'மரத்துப் பால எடுத்து எடை போட்டுட்டுப் போகட்டும்'னுட்டாரு. அந்தம்மா வந்தப்ப மணி பன்னெண்டு. மறுநாளு ஆஸ்பத்திரில புள்ள போயிருச்சு. வந்த சனமெல்லாம் பாத்தது தூளியில இருந்த மூணு முடிச்சத்தான். இவதான் கட்டிட்டான்னு ஆயிப்போச்சு. மண்டோரு சொன்னது யாருக்கும் காதுல விழல."

வெங்காயத்தோலை வாரிக் குப்பையில் போட்டார்.

"மூணு முடிச்சு நான் போட்டதோட சரி. எனக்குப் போட ஒருத்தனும் வரல."

இதைச் சொல்லிவிட்டு அவர்தான் சிரித்தார்.

"நான் எட்டாங்கட்டைன்னு சொன்ன அன்னைக்கே இத ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா புள்ளய விட்டிருப்பியா?"

அக்கா எழுந்து யாழினியைத் தூக்கி வந்து என் தோளில் போட்டார். "நாளைக்கு டயப்பர் எடுத்துட்டு வா. ரெண்டுதான் இருக்கு."

வீட்டுக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, திரும்பி யாழினியின் கைகளையும் கால்களையும் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியும். அந்தப் பார்வைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். மறுநாள் பிள்ளைக்குச் சளி என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். சளி இல்லை.

அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மல்லிகாவா? லகாட்லயா இருக்கா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அது சும்மா சொல்றதுடி. எல்லாரும் சொன்னாங்க, நாங்களும் சொன்னோம். நீ ஒரு வாய் சாப்பிட மாட்ட, அதான் உன்கிட்டயும் சொன்னேன்."

"அவங்கதான் செஞ்சாங்கன்னு நீங்க நம்பினீங்களாம்மா?"

"அப்படியெல்லாம் யோசிக்கவே இல்லடி," என்றார்.

5. கவர்

அடுத்த நாள் டயப்பரோடு பிள்ளையையும் கொண்டுபோய் விட்டேன். வாசலிலேயே நின்று, "கதையிலேருந்து முடிச்சுக்காரிய எடுத்துரட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"எழுதுறப்ப என்னைக் கேட்டியா? எடுக்கிறதுக்கு மட்டும் என்னைக் கேக்குற."

கதவைச் சாத்திவிட்டார். கோபமாக இல்லை. உள்ளே ஒரு குழந்தை அழுதது.

பதிப்பகத்தில் கவர் தயாராக இருந்தது. முடிச்சு முடிச்சாகத் தொங்கும் தலைமுடி, சிவந்த கண்கள், பின்னால் வரிசையாகத் தூளிகள். ஓவியர் அருமையாகத்தான் வரைந்திருந்தார். தனபால் சார் அதைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்.

"சார், இதை நிறுத்தணும். கதையை மாத்தணும்."

"என்னம்மா வெளாடுறியா? பாதி புக்குக்கு லேஅவுட் முடிஞ்சிருச்சு. இவ இல்லாம கதை ஏது?"

"இவங்கதான் சார் என் பிள்ளையப் பாத்துக்கிறாங்க."

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பேரை மாத்திட்டா போதுமே?" என்றார் கடைசியில்.

நானும் முந்தின நாள் முழுக்க அதைத்தான் யோசித்திருந்தேன். பேரை மாற்றினால் யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். காலையில் பிள்ளையை நீட்டும்போது எனக்கும் தெரியும்.

"பேரு மட்டும் இல்ல சார். அவங்க செஞ்சதா நான் எழுதினதே பொய்."

"எத்தன நாள் வேணும்?"

"மூணு வாரம்."

"புத்தகச் சந்தை போயிரும்மா."

"போகட்டும் சார்."

சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். முதல் புத்தகம். இன்னொரு வாய்ப்பு வருமா என்று தெரியாது. திரும்பிப் போய் பேரை மட்டும் மாற்றுகிறேன் என்று சொல்லிவிடலாமா என நடுப்படியில் நின்றேன். ஒரு மணியாகிவிட்டதால் மட்டுமே இறங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்று வாரமும் காலை நேரங்களில் நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். இப்போது முடிச்சுக்காரி பதினெட்டு வயதுப் பெண். முடிச்சுகள் அவள் தாய்மார்களுக்கு அனுப்பும் செய்தி. வில்லன், நிறுவை முடியும்வரை யாரையும் நிரையைவிட்டு நகரவிடாத மேற்பார்வைக்காரன். மூன்று முடிச்சு விழுந்த நாளில் தாய் தாமதமாக வருகிறாள், குழந்தை இறந்துபோகிறது. ஊர் அந்தப் பெண்ணுக்குப் பேய் என்று பெயர் வைக்கிறது. குழந்தை இறக்கும் அந்த அத்தியாயம்தான் நான் எழுதியதிலேயே சிறந்தது என்று எனக்குத் தோன்றியது. எழுதி முடித்ததும் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். தனபால் சாரும் படித்துவிட்டு, "சந்தை போனா போகட்டும்மா," என்றார்.

அச்சுக்கு அனுப்பும் முன் மல்லிகா அக்காவிடம் கொடுத்தேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.

6. ஏழு மணி

ஒரு வாரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டாம் நாள் ஒரு மணிக்கு, யாழினிக்கு மோர்ச்சோறு ஊட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"இப்ப முடிச்சு சரியா இருக்கு."

"சரிக்கா."

"அந்த மேற்பார்வைக்காரன் பேச்சும் சரியா இருக்கு. மண்டோரு அப்படித்தான் பேசுவாரு." இன்னொரு வாய் ஊட்டினார். "ஆனா, அந்தப் புள்ளய ஏன் சாகடிச்ச?"

"நடந்தது அதுதானேக்கா?"

"நடந்தது எட்டாங்கட்டையில. இது நீ கட்டுன ஊருதானே?"

அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்தார்.

"செத்த புள்ளயோட அம்மா இன்னும் இங்க பக்கத்துல புந்தோங்லதான் இருக்கு. பேரப்புள்ளைங்க தமிழ்ப்பள்ளிக்குப் போகுது. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் இந்தப் புக்கு போகும்னு நீதானே சொன்ன? அதுங்க வீட்டுல ஒக்காந்து சத்தம் போட்டுப் படிக்கும். அந்தம்மா பக்கத்துல ஒக்காந்து கேக்கும்."

"அவங்களும்தானேக்கா உங்களுக்கு அந்தப் பேர வச்சிருப்பாங்க?"

"ஆமா. மொதல்ல சொன்னது அதுதான்." யாழினியின் வாயைத் துடைத்துவிட்டார். "புள்ளயப் பறிகுடுத்துட்டு வேற என்னத்தச் சொல்லும்? அது பால் வாளிய எறக்கி வச்சிட்டு வந்திருக்கலாம். வந்திருக்கலாம்னு அதுக்குத் தெரியாதா? தெனமும் தெரியும்."

பிறகு என்னை நேராகப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"மாயக் கதைதானே எழுதுற? அப்புறம் அந்தப் புள்ள ஏன் சாகணும்?"

இதற்கு என்னிடம் தயாரான பதில் இருந்தது. கதைக்கு ஒரு பாரம் வேண்டும், இழப்பு இல்லாமல் வாசகர் மனத்தில் நிற்காது என்று பட்டறைகளில் குறிப்பெடுத்திருக்கிறேன். அக்காவின் கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. யாழினி இன்னொரு வாய்க்காக வாயைத் திறந்து வைத்திருந்தாள். அந்தப் பதிலை அந்த அறையில் என்னால் சொல்ல முடியவில்லை.

"மாத்துறேன்க்கா," என்றேன்.

"மாத்து. ஒன்னும் கொறஞ்சு போயிராது."

குறைந்துதான் போனது என்று தனபால் சார் சொன்னார். மூன்று நாள் என்னோடு வாதாடினார். பழைய அத்தியாயம்தான் நல்லது என்று இன்றைக்கும் சொல்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். புத்தகச் சந்தை முடிந்து வெகுநாள் கழித்து, சந்தடி இல்லாமல் புத்தகம் வெளிவந்தது. அடுத்த நாவல் இன்னும் தொடங்கவில்லை. பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது.

மாணவர்களே, என் உலகம் என் தலைக்குள்ளிருந்து வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதில் நான் கட்டியது குறைவு. மரமும் சொல்லும் பேயும் ஏற்கெனவே யாரோ ஒருவருடையவை. உங்களுக்கு ஒன்று மிகச் சுலபமாகக் கிடைத்தால், அது யாருடையது என்று எழுதுவதற்கு முன்பே விசாரியுங்கள். நான் பிந்தித்தான் விசாரித்தேன். விசாரித்த பிறகும் என்ன செய்வது என்பது ஒவ்வொரு முறையும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

புத்தகத்தில் அந்த அத்தியாயம் இப்போது இப்படி இருக்கிறது. காலை ஏழு மணிக்கு மூன்று முடிச்சு விழுகிறது. செய்தி நிரைக்குப் போகிறது. எடை போட்டுவிட்டுப் போகலாம் என்கிறான் மேற்பார்வைக்காரன். அந்தத் தாய் அவனுக்கு மறுமொழி சொல்லவில்லை. வாளியை இறக்கி வைக்கிறாள். நடக்கத் தொடங்குகிறாள். ஏழரைக்கெல்லாம் வந்துசேர்ந்து, பிள்ளையைத் தூளியிலிருந்து தூக்கிவிடுகிறாள்.